முதுகுவலியோடு தூங்க: மெத்தையா, மாத்திரையா, நேரக்கட்டுப்பாடா?

கீழ்முதுகுவலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் பலருக்குத் தூக்கமும் கெட்டுப்போயிருக்கும். வலி குறைந்தால் தூக்கம் தானாக வரும் என்று காத்திருப்பதுதான் வழக்கம். ஆனால் பாதிப்பு இரு பக்கமும் பாய்கிறது. வலி அன்றிரவுத் தூக்கத்தைக் கெடுப்பதைவிட, கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுவதற்கே சான்றுகள் வலுவாக இருக்கின்றன. ஆகவே தூக்கத்தைத் தனியாகக் கவனிக்க நினைத்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: புது மெத்தை, தூக்க மாத்திரை, படுக்கை நேரத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி. நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இனி ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

மெத்தையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முதுகுவலிக்காரர் கெட்டியான மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்ற உபதேசம் பழையது. 2003இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரை இரு பிரிவாக்கி 90 நாள் கவனித்தார்கள். கெட்டி மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே பலன் கூடுதல். நடுவில் குழிவிழுந்த மெத்தை என்றால் மாற்றிவிடலாம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும் பழக்கத்தை எந்த மெத்தையும் மாற்றாது.

மாத்திரையின் பலம், விழுங்கிய இரவே வேலை செய்வது. வலி திடீரென ஏறிய சில நாள்களுக்கு மருத்துவர் எழுதித் தந்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதுகுவலிக்காரர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணி எடுப்பவர்கள் அதோடு பென்சோடயஸெபைன் வகைத் தூக்க மாத்திரையையும் சேர்த்தால் மூச்சு மந்தமாகக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. வயதானவர்களுக்கு இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாடி விழும் அபாயமும் இருக்கிறது.

மூன்றாவது வழிக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று நீளமான பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. இதன் நடுநாயகம் ஓர் எளிய கணக்கு. ஒன்றிரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் படுக்கையில் ஒன்பது மணி நேரம் கிடந்து, ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 61 சதவீதம். இனி அவருக்குப் படுக்கை ஐந்தரை மணி நேரம் மட்டுமே: இரவு 12.30க்குப் படுத்தால் காலை 6க்கு எழுந்தே ஆக வேண்டும். விகிதம் 85 சதவீதத்தைத் தாண்டும்போது கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது முதல் வாரங்கள் கொடுமை. பகலெல்லாம் கண் சொருகும், குறைந்த தூக்கத்தால் வலியும் சற்று ஏறும். பலர் விட்டுவிட்டுப் போவது இங்கேதான். முதுகுவலிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். படுக்கை தூக்கத்துக்கு மட்டும் என்கிறது விதி. நமக்கோ பகலில் இடுப்பு கடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது படுக்கைதான். அதில் சாய்ந்தபடி போன் பார்த்து, வலியை எண்ணி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுகிறோம். அந்த இடத்தோடு வலியும் விழிப்பும் பிணைந்துவிடுகின்றன. நான் பகல் ஓய்வை வேறு அறைக்கு மாற்றினேன்: தரையில் ஒரு விரிப்பு, கெண்டைக்கால்கள் நாற்காலியின் மேல், கொஞ்ச நேரம், கண்ணை மூடாமல். இரவில் விழித்துச் சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் உட்கார வேண்டும் என்பதும் விதி. உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் நான் மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக நடந்தேன்.

இத்தனை பாடுபட்டு இதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நான் பார்த்தது ஒன்றே ஒன்று: நிறுத்திய பிறகு என்ன மிஞ்சும்? முதுகுவலி வருடக்கணக்கில் வந்து போகும் விருந்தாளி. அதற்கான ஏற்பாடும் அத்தனை காலம் தாங்க வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் உடல் பழகிவிடும், அதே அளவு மாத்திரையில் கிடைக்கும் தூக்கம் குறையும். நிறுத்தினால் பழைய தூக்கமின்மை முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். அப்படித் தூங்காத இரவு வலியைக் கூட்ட, வலியைப் பார்த்து மறுபடி மாத்திரை. பயிற்சியில் சிகிச்சை முடிந்த பிறகும் பலன் மாதக்கணக்கில் நிற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி ஏறித் தூக்கம் சரிந்தால் நாட்குறிப்பை எடுத்து, படுக்கை நேரத்தை மறுபடி சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாம் முறை எனக்கு முதல் முறை அளவுக்குக் கடினமாக இல்லை.

இதனால் முதுகு சரியாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தூக்கம் தேறும் அளவுக்கு வலி குறைவதில்லை, எனக்கும் அப்படித்தான். நீண்ட காலம் மாத்திரையில் இருந்த அனுபவம் எனக்கில்லை, அதனால் அந்தப் பக்கத்தை நான் கடுமையாக எடைபோட்டிருக்கக்கூடும். வலிப்பு நோய், மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களும் இரவில் வாகனம் ஓட்டுபவர்களும் தூக்கத்தைச் சுருக்கும் பயிற்சியைத் தாமாகத் தொடங்கக் கூடாது. சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுபவர்கள் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சலோடு வரும் முதுகுவலி இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தினமும் மாத்திரை போடுபவர்கள் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே பயிற்சியையும் கூடவே நடத்தலாம்.