டீசல் டேங்க் மண்டி: மருந்தா, பம்பா, மேன்ஹோலா?

படகு துறையில் கட்டிக் கிடக்கும்வரை டீசல் டேங்க் தொல்லை தருவதில்லை. அலை ஏறி இறங்கும் இடத்துக்குப் போனதும் அடியில் படிந்த மண்டி கலங்கி எழும்பி ஃபில்டரை அடைக்கிறது. எஞ்சினின் சுற்று குறைகிறது, இழுவை போகிறது, பிறகு நின்றே விடுகிறது. குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்து அலையில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொச்சி தோப்பும்படியில் டீசல் நிரப்பிக்கொண்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகுகளுக்கோ, உதவி என்பது அடுத்த படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இழுவைமடித் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள் நீடிக்கிறது. படகோடு சேர்த்துக் கட்டப்பட்ட டேங்க்கைக் கழற்றி வெளியே எடுக்க வழியில்லை. இருந்த இடத்திலேயே சுத்தம் செய்ய இந்த இரண்டு மாதம்தான் வாய்ப்பு. எப்படிச் செய்வது என்பதில்தான் முதலாளியும் படகை ஓட்டும் ஸ்ராங்கும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு கட்சி. நான் மேன்ஹோல் கட்சி, அதாவது டேங்க்கில் திறப்பு வைத்து உள்ளே கைவிட்டுத் துடைக்கச் சொல்கிறவன். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. அந்த இடத்தைத் தாண்டி அவற்றை நம்புவதுதான் தவறு.

மண்டி என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பல பொருள்கள் இருக்கின்றன. இரும்புத் தகட்டிலிருந்து உதிர்ந்த துரு, கேனிலும் டிரம்மிலும் வந்த மணல், துணி நூல், மூடியிலிருந்து பிய்ந்த ரப்பர் துணுக்கு, இவற்றோடு தண்ணீர். அந்தத் தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுத்த, வழுவழுப்பான படலமாகின்றன. கரையில் இதைப் பாசி என்கிறார்கள். டீசலைத் தின்று, தண்ணீரில் வாழும் உயிர் அது. தண்ணீர் இல்லாவிட்டால் அது வளராது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பாதி காலி டேங்க்கில் காற்று குளிர்ந்து வியர்க்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில், அதாவது ஆயிரம் லிட்டர் காலியிடத்தில், இருக்கும் மொத்தத் தண்ணீரே சுமார் 30 கிராம். இரவில் நாலைந்து டிகிரி குளிர்ந்தால் அதில் கால் பங்குகூட முழுதாகப் படியாது. டேங்க் அடியில் வாளிக்கணக்கில் தண்ணீர் நிற்கிறதென்றால் அது தளத்தில் டீசல் ஊற்றும் வாயின் மூடியில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகவோ, அலை அடிக்கும் உயரத்தில் வைத்த காற்றுக் குழாய் வழியாகவோ, வாங்கிய டீசலோடோதான் வந்திருக்க வேண்டும். சில ரூபாய் பெறும் ஓ ரிங்கை மாற்றாமல் வருடா வருடம் மருந்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மருந்திலிருந்தே தொடங்குவோம். மிக எளிது: மூடியைத் திறந்து ஊற்றினால் வேலை முடிந்தது. பாசியைக் கொல்லும் மருந்து உண்மையிலேயே கொல்லும். ஆனால் செத்த பாசி மறைந்துபோவதில்லை. சுவரை விட்டுக் கழன்று, பெயர்ந்து, நேராக ஃபில்டருக்கு வருகிறது. மருந்து ஊற்றிய கையோடு கடலுக்குப் போனால், ஊற்றாமல் போயிருந்தால் வந்திருக்காத அடைப்பு வரும். துருவுக்கும் மணலுக்கும் மருந்தால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரை டீசலோடு கரைத்துவிடும் என்று விற்கும் சரக்கு இன்னும் மோசம்; அடியில் கிடந்த தண்ணீரை, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அது செய்கிறது. சுத்தம் செய்து முடித்த டேங்க்கில் பாசி திரும்பாமலிருக்க, சொன்ன அளவில் மருந்து விடுவது நியாயம். அழுக்கு டேங்க்கில் வேண்டாம். பெட்ரோல் கலந்தால் மண்டி கரையும் என்ற பேச்சை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அது டேங்க்கை வெடிக்கத் தயாராக்கும்.

அடுத்தது அடியிலிருந்து உறிஞ்சுவது. மலிவான வழிகளில் இதற்கே என் ஓட்டு. தண்ணீர் டீசலைவிடக் கனம். தானாகவே பள்ளத்துக்குப் போய்ச் சேரும். படகை ஒரு நாள் அசையாமல் விட்டு, பாரத்தை நகர்த்தி டேங்க்கின் ஒரு மூலையைத் தாழ்த்தி, அந்த மூலைக்கு ஒரு குழாயை இறக்கிக் கைப்பம்பால் இழுக்க வேண்டும். குழாய் நுனியைச் சாய்வாக வெட்டினால் தகட்டோடு ஒட்டாது. கண்ணுக்குத் தெரியும் ஹோஸ் போட்டால் தண்ணீர், கறுப்பு மண்டி, கலங்கல், பிறகு தெளிந்த டீசல் என்று வரிசையாக வருவதைப் பார்க்கலாம். பெட்ரோல் பங்கில் அளவுகோலில் தடவுகிற, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி அடியைத் தொட்டுப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதன் குறை டேங்க்கின் உள்ளமைப்பில் இருக்கிறது. டீசல் அலம்பாமலிருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். அவற்றின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் நகரும். கெட்டி மண்டி நகராது. குழாய் இறங்கும் அறை மட்டும் சுத்தமாகும், பக்கத்து அறைகள் அப்படியே இருக்கும். முதல் பெரிய அலையில் அந்த மண்டி இந்தப் பக்கம் வரும்.

மூன்றாவது, டீசலைச் சுற்றவிட்டு வடிப்பது. பம்பும் பெரிய ஃபில்டரும் வைத்து டேங்க்கிலிருந்து எடுத்து, வடித்து, திரும்ப அதே டேங்க்கில் விடுவார்கள். பெரிய உல்லாசப் படகுகளில் இதை நிரந்தரமாகவே பொருத்துவதுண்டு. வெளியே வரும் டீசல் பளபளவென்று இருக்கும். பார்க்கிற முதலாளிக்கு மனம் குளிரும். ஆனால் 4,000 லிட்டர் டேங்க்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் பம்ப் வைத்தால் ஒரு சுற்றுக்கே மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடித்ததும் வடிக்காததும் உள்ளே கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்று முடிந்த பிறகும் ஏறக்குறைய 37 சதவீத டீசல் ஃபில்டரையே பார்த்திருக்காது. மூன்று சுற்று ஓடினால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்கும். இதுவும் மிதக்கும் அழுக்குக்கு மட்டுமே. சுவரில் ஒட்டிய பாசியையும் மூலையில் இறுகிய துருவையும் மெல்லிய ஓட்டம் அசைக்காது. சட்டியைக் கழுவாமல் குழம்பை மட்டும் வடிகட்டுவது போன்ற வேலை. கெட்ட டீசல் நிறைய நிரப்பிவிட்டீர்கள், டேங்க் நன்றாக இருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. பல ஆயிரம் லிட்டரைக் கொட்டாமல் மீட்கலாம். பழைய டேங்க்குக்கு இது முகப்பூச்சு.

இனி மேன்ஹோல். ஒவ்வொரு தடுப்பு அறைக்கும் ஒரு திறப்பு, போல்ட் போட்ட மூடி, உள்ளே கையோ ஆளோ போய்ச் சுரண்டித் துடைத்து எடுப்பது. செலவும் நாற்றமும் கூலியும் இதில்தான் அதிகம். மண்டி படகை விட்டு முழுதாக வெளியேறுவதும் இதில்தான். ஒருமுறை திறப்பு வைத்துவிட்டால் அடுத்த தடைக்காலத்தில் ஸ்பேனர் மட்டும் போதும்.

ஏற்கெனவே திறப்பு உள்ள டேங்க் என்றால் யோசிக்கவே வேண்டாம். இல்லாத டேங்க்கில் புதிதாக வெட்டுவதுதான் விவகாரம். டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை, பிடிக்காது என்று சொல்லி வெல்டிங் செட்டோடு இறங்குகிறவர் உண்டு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1460 டீசலுக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை, அதாவது தீப்பொறி பட்டால் அதன் ஆவி பற்றும் வெப்பநிலை, 35 டிகிரி செல்சியஸ்தான். மூடிக்கிடக்கும் எஞ்சின் அறை நண்பகலில் அதைச் சுலபமாகத் தொடும். தெளித்துப் புகையாக்கிய டீசல் அதற்கும் கீழே பற்றும். அதனால் உள்ளே டீசலைப் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. கேஸ் கட்டிங் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். டேங்க்கைக் காலி செய்து, தண்ணீராலோ நைட்ரஜனாலோ நிரப்பி, காற்றில் ஓடும் டிரில்லாலும் ரம்பத்தாலும் எண்ணெய் விட்டு மெதுவாக வெட்ட வேண்டும். ரம்பத்தில் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டும். விழுந்ததைக் காந்தம் பொறுக்கும். வெட்டிய ஓரத்தில் மூடியை வெல்டிங் செய்யாமல் வளையமும் போல்ட்டும் வைத்து இறுக்குவது நல்லது. இதெல்லாம் தெரிந்த பட்டறையிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

மேல் தகட்டில் வெட்டுவதா, பக்கத்தில் வெட்டுவதா? பக்கத்தில் வெட்டினால் அடிவரை கை எட்டும். ஆனால் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தளர்ந்தால் டீசல் முழுவதும் எஞ்சின் அறைக்கு வரும். நான் மேலே வெட்டச் சொல்வேன், கை வலித்தாலும் பரவாயில்லை. கேஸ்கெட் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும். மார்த்தாண்டத்தைச் சுற்றிலும் ரப்பர் தோட்டம்தான்; ஆனாலும் இயற்கை ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும், இங்கே அது உதவாது. சாதாரண சிலிக்கான் பசையும் நிற்காது.

ஆழ்கடல் படகின் டேங்க்கில் ஆளே இறங்கலாம். அங்கே தீயைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். துருப்பிடிக்கும் இரும்பு மூடிய இடத்தின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அழுகும் மண்டி விஷவாயு விடுகிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. ஊதுகுழாய் வைத்துக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மீட்டரால் அளக்க வேண்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு வேண்டும், திறப்பருகே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க யோசிக்காமல் குதிக்கும் இரண்டாவது ஆளும் சாவதுதான் இந்த வகை விபத்தின் வழக்கம். துடைக்கக் காட்டன் வேஸ்ட் கூடாது. அதன் நூலே அடுத்த அடைப்பாகும். நூல் விடாத பழைய பனியன் துணி பரவாயில்லை.

இந்த நான்கிலும் சேராத இன்னொரு யோசனை: மண்டி இருக்கட்டும், எஞ்சினுக்குப் போகாமல் தடுத்தால் போதாதா? இரட்டை ஃபில்டர் வைத்து ஒன்று அடைத்தால் வால்வைத் திருப்பி மற்றதுக்கு மாறலாம்; தெளிந்த டீசலைச் சிறிய தினசரி டேங்க்கில் ஏற்றி அதிலிருந்து ஓட்டலாம். மீன்பிடிப் பருவத்தின் நடுவில் பிரச்சினை வந்தால் நானும் இதைத்தான் செய்வேன், கூடவே அடியிலிருந்து உறிஞ்சவும் செய்வேன். முகத்துவாரத்தைக் கடக்கத் தினசரி டேங்க் தரும் தைரியத்தை வேறெதுவும் தராது. ஆனால் ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போதே எஞ்சின் நின்று, சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சுலபமாகக் கிளம்பி, மறுபடி நின்றால், உறிஞ்சுகுழாயின் வாயில் துருச் செதிலோ பிளாஸ்டிக் துண்டோ போய் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். உறிஞ்சல் நின்றதும் அது விழுந்துவிடும், ஓடினால் திரும்ப ஒட்டும். எத்தனை ஃபில்டர் வைத்தாலும் இது தீராது. காற்றை எதிர்ப்பக்கமாக ஊதினால் தற்காலிகமாக விலகும், அவ்வளவே. அதை எடுக்கக் கை உள்ளே போக வேண்டும்.

திறந்து துடைத்த பிறகு அடித்தகட்டில் குழி குழியாகத் துரு தின்றிருந்தால் பேச்சு மாறுகிறது. ஒட்டுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு குழியை அடைத்தால் பக்கத்தில் அடுத்தது திறக்கும். புது டேங்க் கட்டுவதென்றால் துத்தநாகம் பூசிய தகட்டை உள்பக்கம் வைக்காதீர்கள். டீசலோடு அது சேராது, அதுவே மண்டியாகும், செம்பும் அப்படித்தான். அடியைத் தட்டையாக விடாமல் ஒரு பக்கம் சரித்து, பள்ளத்தில் வடிகால் வால்வு வைத்து, அறைக்கு ஒரு மேன்ஹோலை முதல் நாளே வெட்டிவிடச் சொல்லுங்கள். டீசல் படாத தகட்டில் வெட்ட வெல்டருக்கு அரை நாள் கூலிதான்.