சென்சாரை மாற்றுவதா, சோதித்துப் பார்ப்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய பெட்ரோல் வேன்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0131 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், "ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்திடுவோம்" என்பதுதான் வழக்கமான பதில். எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சென்சார். வேலை சீக்கிரம் முடியும், வண்டி கையோடு கிடைக்கும். சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரில் கோளாறு என்று சொல்லும் பி0135 வந்து, ஃபியூஸும் வயரும் சரியாக இருந்து, ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டர் தொடர்பே காட்டவில்லை என்றால் நானும் மாற்றத்தான் சொல்வேன்.

ஆனால் ஸ்கேனரில் அழித்த குறியீடு திரும்பத் திரும்ப வந்தால் சோதனைதான் சரி. பிள்ளையார்பட்டி சவாரி ஒன்று தள்ளிப்போகும். வேனை நம்பிப் பிழைப்பவருக்கு அது இழப்புதான். இருந்தாலும் பார்த்துவிடுங்கள். பி0131 சொல்வது சென்சாரின் வோல்டேஜ் குறைவு என்பதை மட்டுமே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) கேஸ்கட் கசிந்தால் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். அதிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து, காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும். புது சென்சாரும் அதையேதான் சொல்லும்! காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காது கொடுங்கள்: 'டிக் டிக்' சத்தம், கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு, இவைதான் கசிவின் அடையாளம்.

அப்புறம் இன்ஜின் சூடானதும் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே சென்சார் தரும் அளவு, பாருங்கள். முன் சென்சார் (பி0131 குறிப்பது இதைத்தான்) 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்க வேண்டும். கீழேயே கிடந்தால், இன்ஜினை அணைத்து ஆறியதும் வயரிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். சூடான குழாயில் பட்டு உருகியிருக்கலாம்.