தடுப்பூசியால் தோள்பட்டை முடங்கினால்: அமெரிக்காவில் எந்தத் திட்டத்தில் இழப்பீடு?

ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது சாதாரணம். குத்த வேண்டிய இடத்துக்கு மேலே, தோளுக்கு மிக அருகில் குத்தி, தசைக்குள் போக வேண்டிய மருந்து தோள்மூட்டுக்கு ஒட்டிய திரவப்பைக்குள் இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. சட்டைக்குள் கை நுழைப்பதே பெரும்பாடு. இதற்குப் பெயர் 'சிர்வா' (SIRVA). இழப்பீட்டுக்கு அமெரிக்காவில் இரண்டு அரசுத் திட்டங்கள் உண்டு. எதில் போவது என்பதைப் போட்ட மருந்துதான் முடிவு செய்கிறது.

ஃப்ளூ, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கானது), ஹெபடைடிஸ் பி என்றால் வி.ஐ.சி.பி. (VICP) என்ற தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம். 2017 மார்ச் முதல் சிர்வா அதன் பாதிப்புகள் அட்டவணையில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அந்தத் தோளோடு நின்று, முன்பு அங்கே கோளாறு இல்லாமல், வேறு காரணமும் இல்லாமல் இருந்தால், ஊசிதான் காரணம் என்று தனியே நிரூபிக்க வேண்டாம். பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து 3 ஆண்டு அவகாசம். வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர் வரை. மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான வழக்கென்றால் தோற்றாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கும்.

கோவிட் ஊசி என்றால் சி.ஐ.சி.பி. (CICP) என்ற இன்னொரு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து 1 ஆண்டுதான் அவகாசம். வேதனைக்குப் பணம் கிடையாது, வக்கீல் கட்டணம் கிடையாது, நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவுதான். காப்பீடு கொடுத்தது போக மீதிச் செலவும் சம்பள இழப்பும் மட்டுமே கிடைக்கும் என்பதால், நல்ல காப்பீடு உள்ளவருக்குக் கைக்கு வருவது சொற்பம். இது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வோம்.

அக்கி அம்மைத் தடுப்பூசி இரண்டிலும் இல்லை. அந்தந்த மாநிலச் சட்டப்படி, ஊசி போட்டவரின் கவனக்குறைவை நிரூபித்து வழக்குப் போடுவதுதான் வழி.

ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் ஒரே கையில் போட்டவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். எது காரணம் என்ற சண்டை வரும். அதற்குள் கோவிட்டுக்கான 1 ஆண்டு ஓடிவிடும். எந்த ஊசி எந்தக் கையில் என்ற பதிவை, ஊசி போட்ட மருந்துக்கடையிலிருந்து உடனே வாங்குங்கள். இடது, வலது மாறிப் பதிவாவது உண்டு.

வழக்கு பலவீனமாவது பெரும்பாலும் டாக்டரின் குறிப்பில்தான். தானாகச் சரியாகும் என்று பொறுத்திருந்து மூன்றாம் மாதம் போவார்கள். "சில மாதமாகத் தோள் வலி" என்று எழுதப்படும். அதில் ஊசியும் இல்லை, 48 மணி நேரமும் இல்லை. "அக்டோபர் 12 ஊசி, அன்றிரவே இடது தோளில் வலி" என்று முதல் தடவையிலேயே எழுதச் சொல்லுங்கள். பிசியோதெரபியில் கை எத்தனை டிகிரி எழுகிறது என்ற அளவையும் பதியச் சொல்லுங்கள். வலி இருக்கும்போதே நாலாம் மாதம் சிகிச்சையை விட்டால், குணமாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.