ஆர்ப் 2/3-ஆ, ஃபார்மினா: செல்லை நகர்த்துவது எது?

கும்பகோணத்துச் சந்தையில் உயிரோடு வாங்கிய ஜிலேபி கெண்டையின் செதில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே இன்னொரு தகட்டை மூடி, வளர்ப்புத் திரவத்தில் ஓர் இரவு விட்டுவிடுவோம். காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் செதிலின் ஓரத்திலிருந்து செல்கள் பிறை வடிவில் ஊர்ந்து வெளியே வந்திருக்கும். கெரட்டோசைட் என்று பெயர். நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் தூரம் சர்வசாதாரணமாகப் போகும். முன்பக்கம் மட்டும் முறத்தின் வாய் மாதிரி மெல்லிசாக விரிந்திருக்கும். இதைக் காட்டும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "மிஸ், இதைத் தள்ளுறது ஆர்ப் 2/3-ஆ, ஃபார்மினா?"

இரண்டுமே செல்லுக்குள் இருக்கும் புரதங்கள். ஆக்டின் என்கிற புரத மூலக்கூறுகள் கோர்த்து இழையாகி செல்லின் ஓரத்தைத் தள்ளும்; அப்படிப் புது ஆக்டின் இழையைத் தொடங்கிவைப்பதுதான் இரண்டின் வேலையும். இரண்டு மூன்று ஆக்டின் மூலக்கூறுகள் தாமாகச் சேர்ந்தால் நிலைக்காது, பிரிந்துவிடும். அதனால் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். கட்டுகிற விதத்தில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள்.

ஆர்ப் 2/3 ஏழு புரதங்களின் கூட்டு. 1994-இல் அகாந்தமீபா என்கிற மண் அமீபாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நெல் தூர் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: தாய் இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, சுமார் 70 டிகிரி சாய்வில் ஒரு கிளை இழையை விடும். அந்தக் கிளையிலிருந்து இன்னொன்று. முனையை மூடும் புரதம் சீக்கிரமே வந்து நிறுத்திவிடுவதால் இழைகள் குட்டையாக, நெருக்கமாக நிற்கும். அகலமான சவ்வை ஒரே சீராகத் தள்ள இந்த வலைதான் சரி. பின்னால் பழசான இழையைக் கோஃபிலின் என்கிற புரதம் அறுத்து, மூலக்கூறுகளை மறுபடி வேலைக்கு அனுப்பும். 1999-இல் ஆக்டினோடு ஆர்ப் 2/3, கோஃபிலின், மூடும் புரதம் என்று தூய புரதங்கள் சிலவற்றை மட்டும் சேர்த்து, ஆக்டின் இழைகள் தள்ளி நகரும் லிஸ்டீரியா என்கிற பாக்டீரியாவைச் சோதனைக் கலவையில் ஓடவைத்தார்கள். ஃபார்மின் அதில் இல்லை. உந்துவிசைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஃபார்மினைப் பார்க்க வேண்டுமானால் களத்தில் வைக்கோல் பிரி திரிப்பவரைப் பாருங்கள். வளர்கிற முனையை விடாமல் பிடித்திருப்பார். பக்கத்தில் ஒருவர் வைக்கோலை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கப் பிரி நீளும். அப்படி ஆக்டின் மூலக்கூறுகளை எடுத்துக் கொடுப்பவர் இங்கே புரோஃபிலின் என்கிற புரதம். ஃபார்மினும் இரட்டையாகச் சேர்ந்து முனையிலேயே இருக்கும். மூடும் புரதத்தை அண்டவிடாது. அதனால் இழை நீளமாக, கிளையில்லாமல் வரும். தன்னைத்தானே அடக்கிவைக்கும் பகுதியை நீக்கிய எம்டியா1 என்கிற ஃபார்மின் செல்லுக்குள் நொடிக்கு 2 மைக்ரான் வேகத்தில் ஓடியதை 2004-இல் நேரிலேயே படம் பிடித்தார்கள். அந்த இழைகளை ஃபாசின் என்கிற புரதம் கட்டாகக் கட்டினால் விரல் மாதிரி நீட்டம், அதாவது ஃபிலோபோடியம், கிடைக்கும்.

செல் தரையை ஒட்டிப் பிடிப்பதில் ஃபார்மின் ஒரு படி மேலே என்பது என் எண்ணம். புதிதாக முளைக்கும் சின்ன ஒட்டுப்புள்ளியில் வின்குலின் என்கிற புரதம் சற்று நேரம் ஆர்ப் 2/3-ஐப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தப் புள்ளி பெருத்து உறுதியாக வேண்டுமானால், ஆக்டின் இழைகளை இழுக்கும் புரதமான மயோசின் இழுக்க நீளமான கயிறு தேவை. அந்தக் கயிற்றைத் திரித்துத் தருவது ஃபார்மின்.

சரி, ஆர்ப் 2/3 இல்லாமலே செல் நகருமா? நகரும். 2012-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற இணைப்புத் திசுச் செல்களில் அதை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். முறம் போன்ற ஓரம் போய், விரல் விரலாக நீண்டது, நடை மெதுவானது. ஆனாலும் கரைந்து வரும் வேதிப்பொருளை மோப்பம் பிடித்து அந்தப் பக்கம் போக முடிந்தது. தரையில் பூசிய ஒட்டுப்புரதம் எந்தப் பக்கம் அதிகம் என்று அறிந்து போவதுதான் முடியவில்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வேகத்துக்காக மட்டும் ஆர்ப் 2/3-ஐப் புகழ்ந்தால் பாதியை விட்டுவிடுகிறோம். காலடி நிலம் எப்படி இருக்கிறது என்று அறிய அந்த அகன்ற ஓரம் வேண்டியிருக்கிறது. அதனால் கெரட்டோசைட் பற்றிக் கேட்டால் என் ஓட்டு ஆர்ப் 2/3-க்கு.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. ஆர்ப் 2/3-ஐ நிறுத்த சிகே-666 என்கிற வேதிப்பொருள் இருக்கிறது. ஃபார்மினை நிறுத்த எஸ்எம்ஐஎஃப்எச்2 என்கிற வேதிப்பொருளை வாங்குவார்கள். அது மயோசினையும் தடுக்கிறது என்று 2021-இல் தெரியவந்தது. ஆகவே செல் நின்றுவிட்டால் உடனே ஃபார்மின்தான் காரணம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். ஃபார்மினின் மரபணுவை அடக்கியும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.