படுவான்கரைக் களிமண்ணில் பழமரம்: பத்து வருடத்துக்குப் பிறகும் நிற்பவை

எங்கள் வளவு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் வட்டையை ஒட்டி இருக்கிறது. மாரியில் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு போய்விடும். ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது அதே மண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரை மணலில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் "மச்சான், கிடங்கைப் பெரிசா வெட்டி, எரு போட்டு நடு" என்பார்கள். மணலில் அது சரி. களியில் வெட்டிய கிடங்கு ஒரு தொட்டி. மாரி வெள்ளம் இறங்கி நின்றுவிடும், வெளியே போக வழியில்லை.

அதனால் கன்று வாங்கும் முன் நான் முதலில் பார்ப்பது, கார்த்திகை, மார்கழியில் வேர் ஈரத்தில் நின்றால் தாங்குமா என்பதைத்தான். கோடையைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. களி தண்ணீரையும் பசளையையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். வேர் பிடித்த கொய்யாவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை நன்றாக ஊற்றினால் போதுமாக இருக்கிறது.

அந்தக் கொய்யாவுக்குத்தான் என் முதல் ஓட்டு. சில நாள் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும், வடிந்ததும் தளிர்த்துவிடும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், காய் பறித்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுவேன். ஒரே தொல்லை பழ ஈ. பிஞ்சிலேயே பை கட்டாவிட்டால் பழத்துக்குள் புழுதான் மிஞ்சும்.

மாவும் நம்பலாம். ஒட்டுக்கன்றாக வைத்த கறுத்தக் கொழும்பான் இனம் நன்றாகவே காய்க்கிறது. மாரி முடிந்து மண் காய்ந்தால்தான் மா ஒழுங்காகப் பூக்கும். மழை தை தாண்டியும் இழுத்தால் பூ கருகிக் கொட்டும், அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது. மரத்தை உயரவிடாமல் கவாத்துப் பண்ணுகிறேன். நீர் தேங்கும் களியில் வேர் ஆழமாக இறங்காது, 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் காற்று என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

மாதுளை செழிப்பாக வளரும், ஆனால் பழம் வெடிக்கும். மண் வெடிக்கக் காய்ந்து, பிறகு ஒரேயடியாக நனைவதுதான் காரணம். அடியில் வைக்கோல் பரப்பிய பிறகு வெடிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

பப்பாசியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ரெட் லேடி இனத்துக்குச் சந்தையில் நல்ல விலைதான். ஆனால் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகத் தொடங்கும், காய் நிறைந்த மரம் அப்படியே சரியும். தையில் நட்டால் முதல் பழம் பழுக்கும்போது அடுத்த மாரி வாசலுக்கு வந்துவிடுகிறது, கணக்குக் கட்டாது. பலாவுக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. மரமுந்திரிகையை எழுவான்கரைக்கே விட்டுவிடலாம். நாவலும் விளாவும் கேட்பாரற்று நன்றாக வளர்கின்றன, பொறுமை இருந்தால் வையுங்கள்.

நடும் முறை: கிடங்கு வெட்டுவதில்லை. மேல்மண்ணை அலவாங்கால் குத்தி இளக்கி, அதன் மேல் மண், மாட்டெரு, உமி கலந்து இரண்டடி உயரம், ஐந்தாறடி அகலத்தில் திட்டுப் போடுகிறேன். சுற்றி ஒரு சிறு வாய்க்கால், தண்ணீர் வயல் பக்கம் போக. பொதுவாக மழை தொடங்கும்போது நடச் சொல்வார்கள். நான் பொங்கல் கழிந்து, வெள்ளம் வடிந்த பிறகுதான் நடுகிறேன். மண் சொதசொதவென்று இருக்கும்போது மண்வெட்டி போடவே கூடாது, காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும். ஆற்று மணல் கொட்டினால் களி இளகும் என்பதையும் நம்ப வேண்டாம். கொஞ்ச மணல் எதற்கும் காணாது, திருத்துமளவுக்கு மணல் வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

தேசி (எலுமிச்சை) இப்போதுதான் திட்டில் ஏறியிருக்கிறது. தேசிக்கு அடித்தண்டு அழுகல் பயம் உண்டு. அதனால் வைக்கோலைத் தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன். பட்டையில் பிசின் வடிகிறதா என்று அடிக்கடி பார்க்கிறேன், இதுவரை இல்லை.