கென்யா மலை: சிரிமோன் வழியா, நாரோ மோரு வழியா?

கென்யா மலை அணைந்துபோன எரிமலை. அதன் உச்சியான பாட்டியனுக்கு (5,199 மீட்டர்) கயிறு கட்டிப் பாறை ஏறத் தெரிந்திருக்க வேண்டும். நடந்தே போகக்கூடியது 4,985 மீட்டர் உயரமுள்ள லெனானா முனை. சரி, அதற்கு எந்த வழி?

மேற்கிலிருந்து ஏறும் நாரோ மோரு வழியில் சீக்கிரம் போய்விடலாம். ஆபத்தும் அதில்தான். 3,050 மீட்டரில் இருக்கும் மெட் ஸ்டேஷன் முகாமில் தூங்கி எழுந்து, மறுநாளே 4,200 மீட்டரில் இருக்கும் மெக்கின்டர் முகாமுக்கு ஏறுகிறார்கள். அந்த உயரத்துக்கு உடம்பு பழக நேரமே இல்லை. நடுவில் சரிவான சதுப்பு நிலம் வேறு. மழை பெய்தால் கால் சேற்றில் புதையும்.

சிரிமோன் வழி வடமேற்கில், மழை குறைவான பக்கம். ஓல்ட் மோசஸ் முகாம் 3,300 மீட்டர், அடுத்த ஷிப்டன் முகாம் 4,200. இதுவும் ஒரு நாளுக்கு அதிக ஏற்றம்தான். அதனால் ஓல்ட் மோசஸில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் கொஞ்சம் மேலே ஏறி, இறங்கி வந்து தூங்குங்கள்.

என் தேர்வு சிரிமோன்தான். எந்த வழியானாலும் தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.