சொத்து வரியைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்: எங்களுக்கு 18,500 ரூபாய் போய்விட்டது

சொத்து வரி விதிப்பை எதிர்த்து மனு போட்டுத் தருவதாகச் சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு கடைக்காரர், அந்த மனுவைக் கொடுக்கவே இல்லை என்பது இன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வரிப் பெயர் மாற்றம், வரைபட அனுமதி என்று பலகை மாட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகங்களைச் சுற்றி இருக்கும் கடைகளில் அதுவும் ஒன்று.

எங்கள் வீடு 1,140 சதுர அடி. மறு அளவீட்டுக்கு வந்தவர்கள், மாடியில் துணி உலர்த்துவதற்காகப் போட்டிருந்த தகரக் கூரையையும் கட்டடமாகச் சேர்த்து 1,310 சதுர அடி என்று பதிந்துவிட்டார்கள். 2022 ஏப்ரல் பொதுச் சீராய்வில், சென்னையின் பழைய எல்லைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில், வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வரி உயர்ந்தது. ஒரு தகரக் கூரையால் நாங்கள் 50 சதவீதத்திலிருந்து 75 சதவீதத்துக்குப் போய்விட்டோம். முந்தைய அரையாண்டுகளுக்கான நிலுவையையும் சேர்த்துக் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது.

அந்தக் கடைக்காரரை நாங்கள் நம்பியதற்குக் காரணம் உண்டு. அறிவிப்பையும் வரைபடத்தையும் மேசையில் அருகருகே விரித்து, அளவுகோலை வைத்து ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே மாடிப் பகுதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “இங்கதாம்மா தப்பு, ஷீட்டைச் சேர்த்து அளந்திருக்காங்க” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இதே போன்ற வீடுகளுக்கு வரி குறைக்கப்பட்ட உத்தரவுகள் என்று சில நகல்களையும் எடுத்துக் காட்டினார். என் கணவர் முழங்கால் வலியோடு படியேறி வந்ததைப் பார்த்துவிட்டு, “இனிமே ஐயா அலைய வேண்டாம், உங்க மகன் மாதிரி நான் பாத்துக்கறேன்” என்றும் சொன்னார். மனு எழுத 3,500 ரூபாய், பொறியாளரின் அளவுச் சான்றுக்கும் விசாரணைக்கும் 15,000 ரூபாய், ஆக 18,500 ரூபாய். பத்தாயிரத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பினோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார்.

அதைவிடப் பெரிய கெடுதல் அவர் சொன்ன யோசனை. “இப்ப வரி கட்டினா இந்த அளவை ஒத்துக்கிட்டதா ஆயிடும், முடியற வரைக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க” என்று அழுத்திச் சொன்னார். உண்மை இதற்கு நேர்மாறானது. வரியைக் கட்டியிருந்தால்தான் மேல்முறையீட்டையே விசாரணைக்கு எடுப்பார்கள் என்று வருவாய்ப் பிரிவில் சொன்னார்கள். அவர் பேச்சைக் கேட்டதால், அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகையும் போனது, நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னார். ஆணையர் மாறிவிட்டார், உதவி வருவாய் அலுவலர் விடுப்பில் இருக்கிறார், சர்வர் வேலை செய்யவில்லை, கோப்பு மேசைக்குப் போய்விட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பிறகு கைப்பேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடையில் இருந்த பெண்ணோ, “அண்ணன் வெளியூர் போயிருக்காரு” என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

இன்று அவர் கொடுத்திருந்த ஒப்புகைச் சீட்டோடு நானே அலுவலகத்துக்குப் போனேன். வட்ட முத்திரை மங்கலாகக் குத்தப்பட்டு, அதன் கீழே பேனாவால் ஓர் எண் எழுதப்பட்டிருந்த சீட்டு அது. தபால் பிரிவு ஊழியர் பதிவேட்டைப் புரட்டி அந்த எண்ணைக் காட்டினார்: யாரோ ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்த மனு. எங்கள் வரி விதிப்பு எண்ணைப் போட்டுத் தேடியும் எந்த மனுவும் இல்லை. வரி விதிப்பை எதிர்த்து மனு கொடுப்பதற்கான காலக்கெடுவும் கடந்துவிட்டது. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டபோது, “பணம் செலவாயிடுச்சும்மா, நான் என்ன பண்றது” என்று தலை நிமிராமலே சொன்னார். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் எங்களுக்கு 18,500 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். மனுவை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, வரைபட நகலும் புகைப்படமும் வைத்து, தபால் பிரிவில் நேரில் கொடுத்து, பதிவேட்டில் எண் ஏறுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆட்சேபணை இருக்கிறது என்று மனுவில் எழுதிவிட்டு வரியைக் கட்டிவிடுங்கள். வேறொருவர் மூலம் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால், அது பதிவாகியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பணம் பறிபோனவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்காகக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அசல் ஆவணங்களை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் வீட்டின் அசல் வரைபடம் இன்னும் அந்த மனிதரிடம்தான் இருக்கிறது, கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்கிறார்.